எடக்கல் பாறையில் ஒரு சேரன் கையெழுத்து

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சினன் போன விடுமுறைக்குக் குடும்பத்தோடு யூட்டா மாநிலம் போய், அங்கே உப்பு ஏரிக்குள் சுருள் சுருளாகப் போட்டிருக்கும் ஒரு கல் கரையைப் படம் எடுத்து அனுப்பினான். ராபர்ட் ஸ்மித்சன் என்ற கலைஞர் 1970இல் கருங்கல்லும் மண்ணும் கொட்டிப் போட்டது. நீளம் 1,500 அடி. இதற்கு நிலக்கலை என்று பெயராம். மியூசியத்துக்குத் தூக்கி வர முடியாது, நாம்தான் தேடிப் போக வேண்டும். "கல்லைக் கொட்டி வெச்சதைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?" என்றார் தங்கமணி. சரி, நமக்கும் அப்படி ஒன்று எட்டுகிற தூரத்தில் இருக்கிறதே என்று கிளம்பியதுதான் எடக்கல் பயணம்.

நாங்கள் இருப்பது மட்டாஞ்சேரியில். மிளகு, சுக்கு வாசனைக்கு நடுவில் வங்கி வேலை. இங்கே கலைக்குப் பஞ்சமில்லை. 2012இல் கொச்சி முசிரிஸ் பினாலே தொடங்கியதிலிருந்து பழைய கிடங்குகளுக்கே உலகக் கலைஞர்கள் வந்துபோகிறார்கள். எடக்கல் அப்படி வராது. இங்கிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர். கோழிக்கோடு தாண்டி, தாமரசேரிச் சுரத்தின் 9 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, வயநாட்டில் அம்பலவயல் போக வேண்டும். பக்கத்தில் அம்புகுத்தி மலை. கார் ஓரிடத்தில் நின்றுவிடும், அப்புறம் கால்தான். மூச்சு வாங்கும்.

குகை என்று எல்லோரும் சொன்னாலும் அது குகை இல்லை. மலைப்பாறை பிளந்த இடுக்கு. 96 அடி நீளம், 22 அடி அகலம். மேலே ஒரு பெரும்பாறை விழுந்து இடையில் சிக்கிக் கூரையாக நிற்கிறது. இடையில் உள்ள கல், அதனால் எடக்கல். நம் வாயில் இடைக்கல். இரண்டு மொழிக்கும் அகராதி தேவைப்படாத பெயர்!

இரண்டு பக்கச் சுவரிலும் கோடுகள். வண்ணம் தீட்டியது இல்லை, கல்லால் கல்லைக் கீறியது. தலையில் உயரமான அணியோடு மனிதர்கள், விலங்குகள், சக்கரம் மாதிரி வடிவங்கள். முதலில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். மேலிடுக்கு வழியே விழும் வெளிச்சத்துக்குக் கண் பழகினால் ஒவ்வொன்றாக உருவம் எழும்பி வரும். புதிய கற்காலத்தவை என்கிறார்கள். வெளி உலகத்துக்கு இதைச் சொன்னவர் மலபார் போலீஸ் அதிகாரி ஃபிரெட் ஃபாசெட். 1890களில் பார்த்து, 1901இல் கட்டுரை எழுதினார்.

நான் போனது இந்தப் படங்களுக்காக மட்டும் இல்லை. அதே பாறையில் பிற்காலத்தில் வந்த யார் யாரோ எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். தமிழ் பிராமி எழுத்து. ஒன்றை "கடும்மி புத சேர" என்று படித்திருக்கிறார்கள். கடும்மி மகனான சேரன் என்று பொருள். 2012இல் வெளிவந்த இன்னொன்று "ஸ்ரீ வழுமி". சுமார் 1,700 ஆண்டுப் பழசு.

எனக்குச் சொந்த ஊர் கரூர். எங்கள் ஊர்ப் பக்கத்துப் புகளூர் ஆறுநாட்டார் மலையிலும் இதே வகை எழுத்துதான். சேர அரசர் மூன்று தலைமுறையின் பெயர் அங்கே இருக்கிறது. ஒரு சமணத் துறவிக்குக் கல் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி. அதைத் தெளிவாகப் படித்துச் சொன்ன ஐராவதம் மகாதேவன் (1930-2018) ஐ.ஏ.எஸ். அதிகாரி. போலீஸ்காரரும் ஐ.ஏ.எஸ்.காரரும் படித்த கல்லை ஒரு பேங்க்காரன் போய்ப் பார்த்தால் தப்பா என்ன? கையெழுத்து சரிபார்ப்பது எங்கள் தொழில்தானே :-)

பார்த்ததும் "அப்பவே எல்லாம் தமிழன்தான்" என்று மார் தட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் படங்களைக் கீறியவர்கள் என்ன பேசினார்கள் என்று சொல்ல ஒரு எழுத்தும் விட்டுவைக்கவில்லை. எழுத்திலேயே பாருங்கள்: "சேர" நம்முடையது, "புத" பிராகிருதம். "ஸ்ரீ" வடக்கிலிருந்து வந்தது, அடுத்த சொல்லிலேயே நம் "ழ". அந்த நாளிலேயே ஒரே வரியில் இரண்டு மொழி!

இது எனக்கு முக்கியமாகப் படக் காரணம் என் மகள். எட்டாம் வகுப்பு, பள்ளியில் மலையாளம். வீட்டில் "அப்பா, மனசிலாகலை" என்பாள். கரூர் போனால் என் அம்மா, "ஏங் கண்ணு, மலையாளத்துப் புள்ளையாட்டவே பேசற?" என்று சிரிப்பார். அவள் வாயை மூடிக்கொள்வாள். வெளியூரில் பிள்ளை வளர்க்கும் உங்களுக்கு அந்த மௌனம் தெரிந்திருக்கும். கலந்து பேசுவதால் மொழி போவதில்லை. கூச்சத்தில் பேசாமல் விட்டால் போய்விடும். எழுத்தும் தெரியாவிட்டால் திரும்பி வர வழியும் இல்லை.

போகும் முன் அவளுக்குத் தாளில் பிராமி எழுத்து போட்டுக் காட்டினேன். "க" கூட்டல் குறி மாதிரி, "ர" நெட்டைக் கோடு. "ப" மட்டும் ஏறக்குறைய இன்றைய "ப"வேதான். பாறைக்கு முன்னால் நின்று, "புத-ன்னா புத்ரன், மலையாளத்திலும் அதுதானே அப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இப்போது தினமும் ஒரு பக்கம் தமிழ் எழுதுகிறாள், "மனசிலாகலை" உட்பட. நான் திருத்துவதில்லை.

போகிறவர்களுக்கு: மழைக்காலம் வேண்டாம், மலைப்பாதை ஆபத்து. திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அம்பலவயல் அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள். பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பெயர் எழுத ஆசை வந்தால் அதில் எழுதட்டும், பாறையில் வேண்டாம். அங்கே கடும்மி மகன் எழுதியது போதும்.