எந்த ஃபில்டர் எந்த எதிரிக்கு? 1892-ல் தொடங்கும் ஒரு சின்ன வரலாறு

1/ ஆர்ஓ வாங்கலாமா, யுவி போதுமா, பழைய கேண்டில் ஃபில்டரே இருக்கட்டுமா? ஓபியில் அடிக்கடி வர்ற கேள்வி. விலையும் விளம்பரமும் பார்க்கிறதுக்கு முன்னாடி, இதெல்லாம் எதுக்காக வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கலாம். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ 1892 ஆகஸ்ட், ஜெர்மனியின் ஹாம்பர்க். எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமலே குழாயில் விட்டுக்கொண்டிருந்த நகரம். காலரா புகுந்தது. சுமார் 8,600 பேர் இறந்துபோனார்கள்.

3/ ஒட்டினாப்போல இருந்த ஊர் ஆல்டோனா. இவங்க தண்ணி எடுத்ததோ ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பக்கம். நியாயமா இங்கேதான் சாவு அதிகமா இருக்கணும். ஆனா மிகக் குறைவு! காரணம், ஆல்டோனாவில் மணல் வடிகட்டி இருந்தது. ரெண்டு ஊருக்கும் எல்லையா இருந்த தெருவில் ஒரு பக்கம் காலரா, எதிர்ப்பக்கம் இல்லை. ராபர்ட் கோக் இதைத்தான் ஆதாரமாக எடுத்து வைத்தார். ஹாம்பர்க்கின் மணல் வடிகட்டி வேலைக்கு வந்தது 1893 மே மாதம். ஒரு வருஷம் லேட்.

4/ வீட்டுக்கான வடிகட்டியும் அந்தக் காலத்துதுதான். 1884-ல் பாஸ்டரின் ஆய்வகத்தில் சார்லஸ் சேம்பர்லேண்ட், மெருகு பூசாத பீங்கானில் ஒரு குழாய் செய்தார். பாக்டீரியா நுழைய முடியாத அளவு நுண்ணிய துளைகள். நம்ம வீட்டு சில்வர் ஃபில்டரில் இருக்கிற கேண்டிலும் இந்த வகையறாதான்.

5/ அதே 1892-ல் ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி, நோய் வந்த புகையிலை இலையின் சாறை இந்தக் கேண்டிலில் வடிகட்டினார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. பாக்டீரியாவை விடச் சின்னதா ஏதோ ஒண்ணு தப்பிச்சுப் போயிருக்கு. அதுதான் வைரஸ்னு பிறகு புரிந்தது.

6/ இது வெறும் புகையிலைக் கதை இல்லை. 1955 கடைசியில் டெல்லியில் யமுனையின் போக்கு மாறி, குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தது. குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டு, சீதபேதி கூடவில்லை. ஆனால் மஞ்சள்காமாலை 29,000 பேருக்கு மேல்! அது ஹெபடைடிஸ் ஈ வைரஸ் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு உயிரையே பறிக்கக்கூடிய வைரஸ் அது.

7/ அதனால வெறும் கேண்டிலை மட்டும் நம்பாதீங்க. கொதிக்க வைப்பது பாக்டீரியா, வைரஸ் ரெண்டையும் கொல்லும். யுவியும் அப்படியே. ஆனா தண்ணி கலங்கலா இருந்தா யுவி ஒளி உள்ளே போகாது, முதலில் வடிகட்டணும்.

8/ அப்போ ஆர்ஓ? அது கிருமிக்காகப் பிறந்ததே இல்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் முயற்சியில், 1960 வாக்கில் கலிபோர்னியாவில் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன் இருவரும் உருவாக்கிய சவ்வு அது. அதன் எதிரி உப்பு.

9/ இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம்:
• ஆற்று நீர், கார்ப்பரேஷன் தண்ணி, டிடிஎஸ் 500-க்குக் கீழ்: யுவி அல்லது கொதிக்க வைப்பது போதும். ஆர்ஓ வைத்தால் பல மெஷின்களில் ஒரு லிட்டருக்கு ரெண்டு மூணு லிட்டர் வீணாகும். டிடிஎஸ் 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் உத்தரவிட்டது.
• உப்புக் கரிக்கும் போர்வெல்: ஆர்ஓ தேவை.
• தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி ஃப்ளோரைடு உள்ள பகுதிகள்: கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. ஆர்ஓ உதவும்.

10/ கடைக்காரர் காட்டும் டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பை மட்டும்தான் சொல்லும். கிருமி இருக்கா, ஃப்ளோரைடு எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணியைக் கொடுத்து டெஸ்ட் பண்ணுங்க. ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு மெஷின் வாங்குங்க.

11/ வாங்கின பிறகு கேண்டில், மெம்ப்ரேன், யுவி விளக்கு எல்லாத்தையும் சொன்ன தேதியில் மாத்துங்க. சம்ப்பையும் மேல்தொட்டியையும் கழுவுங்க. வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தா, மெஷின் ரிப்பேரான நாளில் தண்ணியைக் கொதிக்க வைக்காமல் கொடுக்காதீங்க.