எலைசா கிட்: சுண்டெலியின் அழற்சிப் புரதங்களை அளக்கும் முறை

ரத்தத்திலோ திசுக்கரைசலிலோ உள்ள குறிப்பிட்ட புரதத்தை ஆன்டிபாடியால் பிடித்து, நொதி உண்டாக்கும் நிறத்தை வைத்து அதன் அளவைச் சொல்லும் ஆய்வகப் பொருள்களின் தொகுப்பே எலைசா கிட். ஒரு மருந்து கொடுத்தபின் சுண்டெலியின் உடலில் அழற்சி ஏறியதா, தணிந்ததா என்று பார்க்க இது பரவலாகப் பயன்படுகிறது. டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1 பீட்டா ஆகிய சைட்டோகைன் எனும் அழற்சிப் புரதங்களே இதில் அதிகம் அளக்கப்படுபவை.

1971-இல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும், நெதர்லாந்தில் ஆன்டன் ஸ்கூர்சும் பௌக்கே வான் வீமனும் இம்முறையைத் தனித்தனியே வெளியிட்டார்கள். முந்தைய முறையில் இருந்த, கதிரியக்கப் பொருளைக் கையாளும் தொல்லை அதோடு நீங்கியது. தமிழ்நாட்டில் எலைசா வரலாறு படைத்தது 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகள் மஞ்சளாயின, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. அங்கே கேள்வி 'இருக்கிறதா' என்பது. அழற்சி ஆய்விலோ 'எவ்வளவு' என்பது.

பிளாஸ்டிக் பிளேட்டில் 96 குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஆன்டிபாடி பூசப்பட்டிருக்கும். சீரத்தை விட்டதும் தேடும் புரதம் அதில் சிக்கிக்கொள்ளும்; மேலே இரண்டாம் ஆன்டிபாடி அமரும்; அதனுடன் நொதி இணையும். நொதியால் நிறம் மாறும் டி.எம்.பி. கரைசல் ஊற்றினால் குழி நீலமாகும், கந்தக அமிலம் விட்டதும் மஞ்சளாகும். 450 நானோமீட்டர் ஒளியில் படித்து, அளவு தெரிந்த ஸ்டாண்டர்டுகளின் வளைகோட்டோடு ஒப்பிட்டால் மில்லிலிட்டருக்கு எத்தனை பிகோகிராம் என்பது கிடைக்கும். இடையிடையே பிளேட்டைச் சரியாகக் கழுவாவிட்டால் புரதமே இல்லாத குழியிலும் நிறம் ஏறும்.

மனிதருக்கான கிட்டைச் சுண்டெலிக்கு அப்படியே பயன்படுத்த முடியாது.

மனித, சுண்டெலி இன்டர்லூக்கின்-6 புரதங்களின் அமினோ அமில வரிசை பாதிக்கும் குறைவாகவே ஒத்துப்போகிறது. மனித அழற்சிக்கு அடையாளமான சி.ஆர்.பி. சுண்டெலியில் சொற்பமாகவே ஏறும். அதற்குப் பதிலாக சீரம் அமைலாய்டு ஏ புரதத்தை அளக்கிறார்கள். இன்னொரு சிக்கல், மனித கிட்டுகளின் ஆன்டிபாடிகளில் பல சுண்டெலியில் உருவானவை. தன் சொந்தப் புரதத்துக்கு எதிராகச் சுண்டெலி எளிதில் ஆன்டிபாடி செய்யாது. அதனால் சுண்டெலி கிட்டுகளுக்குப் பெரிய எலி, ஆடு, முயல் போன்றவற்றின் ஆன்டிபாடிகள் தேவைப்படுகின்றன.

ரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம். பாக்டீரிய நச்சான எல்.பி.எஸ். ஊசி போட்டபின் டிஎன்எஃப்-ஆல்ஃபா ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டுச் சரிந்துவிடும். சீரம் அமைலாய்டு ஏ உச்சம் தொட ஒரு நாள் வரை ஆகலாம். 20 கிராம் சுண்டெலியின் உடலில் மொத்த ரத்தமே சுமார் ஒன்றரை மில்லிலிட்டர். ஒரு குழிக்கு 50 முதல் 100 மைக்ரோலிட்டர் மாதிரி கேட்கும் கிட்டில் பல புரதங்களை அளக்க உயிருள்ள சுண்டெலியிடமிருந்து எடுக்கக்கூடிய ரத்தம் போதாது. ஒரே துளியில் பல புரதங்களைப் பார்க்கும் நுண்மணி (bead) முறை கிட்டுகளுக்கு அதனால்தான் கிராக்கி.

இந்தியாவில் இத்தகைய ஆய்வுகளுக்கு, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் விதிகளின்படி, நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் முன் அனுமதி வேண்டும்.