நிர்ப்பீடனப் புரதங்களும் மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸும்: ஒரு வரலாற்று நோக்கு

உடலைப் பற்றிய அறிவும் சமூக வரலாற்றுக்குப் புறம்பானதன்று. மூளையிலும் முண்ணாணிலும் நரம்பு நார்களைச் சூழ்ந்துள்ள மயலின் உறை சிதைந்து, பார்வையும் நடையும் குன்றும் நோயொன்றினை 1868இல் சார்க்கோ தெளிவுற வரையறுத்தார். அவர் பணியாற்றிய பரிஸ் சல்பேத்ரியேர், வறிய பெண்கள் நெடுங்காலம் தஞ்சம் புகுந்த மருத்துவமனை. அவர்களது நோயுற்ற உடல்களே அவரது ஆய்வுக்களமாயின. மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ் என நாம் இன்று அறியும் அந்நோயில், நிர்ப்பீடனக் கலங்களின் புரதங்கள் வகிக்கும் பாத்திரம் யாது என்பதே ஈண்டு நமது வினா.

1933இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவனத்தில் தோமஸ் றிவர்ஸ் குழுவினர், குரங்குகளுக்கு மூளைத் திசுச் சாற்றினைத் திரும்பத் திரும்ப ஏற்றி மயலின் சிதைவைத் தோற்றுவித்தனர். காவலமைப்பே தன்னுடலைத் தாக்கக்கூடும் என்னும் கருத்துக்கு இது வழிகோலிற்று. 1942இல் எல்வின் கபாற் முதலியோர், நோயாளரின் மூளைய முண்ணாண் பாய்பொருளில் காமா குளோபுலின் புரதம் மிகுந்திருத்தலைக் காட்டினர்.

ஆயின் 'தாக்கும் புரதம்', 'காக்கும் புரதம்' என்ற எளிய பிரிவினை நிலைக்கவில்லை. 1987இல் வெளியான ஆய்வொன்றில் காமா இன்ரபெரோன் பெற்ற 18 நோயாளருள் 7 பேருக்கு நோய் மீளக் கிளர்ந்தது. அதே பெயர்க் குடும்பத்தைச் சேர்ந்த பீற்றா இன்ரபெரோனோ 1993இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது.

முரண்பாடு இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது இன்ரெகிரின் என்னும் புரதத்திலாகும். வெண்குழியங்கள் குருதிக்கலன் சுவரைப் பற்றி மூளையினுள் நுழைய உதவுவது இதுவே. இதனைத் தடுத்தால் விலங்குகளில் மயலினைத் தாக்கும் நோய் தவிர்க்கப்படுவதை 1992இல் யெட்னொக் குழுவினர் நிறுவினர். இவ்வழி பிறந்த நற்றலிசுமாப் 2004 நவம்பரில் அங்கீகாரம் பெற்றது. 2005 பெப்ரவரியில் விற்பனை நிறுத்தப்பட்டது. காவலர் நுழையாத மூளையில், உடலில் உறங்கிக்கிடந்த ஜேசி வைரசு கொடிய நோயை விளைவித்திருந்தது. எனினும், ஆபத்தறிந்த நோயாளர் பலரே அம்மருந்தை மீளத் தருமாறு வேண்டினர். 2006இல் அது கடுங்கட்டுப்பாடுகளுடன் மீண்டது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? புரதமெதுவும் தன்னளவில் நண்பனுமன்று, பகைவனுமன்று. அது இயங்கும் உறவுகளே அதன் பாத்திரத்தை நிர்ணயிக்கின்றன. மருந்தின் கதியும் இத்தகையதே. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்நோய்க்கான மருந்துகள் இடம்பெற்றது 2023இலேயே. பீற்றா இன்ரபெரோன் அங்கீகாரம் பெற்று முப்பதாண்டுகள் கழிந்த பின்னர்! ஆய்வுகூடம் தந்த விடை வறியவரின் படுக்கையைச் சென்றடைவது ஆய்வுகூடத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. சல்பேத்ரியேர்ப் பெண்களிடம் அறிவு பட்ட கடன் இன்னும் தீர்க்கப்படாததாகவே உள்ளது.