ஈஸ்டினுள் புகுந்த மனித மரபணு

ஓர் உயிரின் மரபணுவை வேறோர் உயிரினுள் பொருத்திப் பெறும் புரதத்தை மறுசேர்க்கைப் புரதம் என்கிறோம். உயிரணுச் சுழற்சியை இயக்கும் மனிதப் புரதங்கள் இன்று இவ்வாறு ஆக்கப்பட்டு, சிறு குப்பிகளில் ஆய்வுக்கூடங்களை அடைகின்றன. அக்குப்பிக்குப் பின்னே உள்ள வரலாற்றை நாம் அறிதல் நன்று.

உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையை எது முடிவு செய்கிறது? பால் நர்ஸ் இதற்கான விடையைப் பிளவு ஈஸ்டில் தேடினார். அதன் சிடிசி2 என்னும் மரபணு பழுதுற்றால் உயிரணு நீண்டுகொண்டே போகும், பிரியாது. 1987இல் இலண்டனில் அவரும் மெலனி லீயும் பழுதுற்ற ஈஸ்டினுள் மனித மரபணுக்களைச் செலுத்தினர். அவற்றுள் ஒன்றைப் பெற்ற உயிரணுக்கள் மீண்டும் பிரியத் தொடங்கின. ஈஸ்டையும் மனிதரையும் ஒரே வகைப் புரதமே ஆள்வது தெளிவாயிற்று. 2001இல் நர்ஸ், ஹார்ட்வெல், ஹண்ட் ஆகியோருக்கு நோபல் பரிசு கிட்டியது.

மனித இன்சுலின் 1978இலேயே பாக்டீரியாவில் ஆக்கப்பட்டிருந்தது. அந்நெறியைப் பின்பற்றி, பாக்டீரியாவும் பூச்சி உயிரணுக்களும் இப்புரதங்களையும் ஆக்கித் தந்தன. தூய்மையாக்கிய புரதத்தை எவ்வேதிப்பொருள் தடுக்கும் என்பதைச் சோதனைக்குழாயிலேயே அளக்க முடிந்தது. இக்குடும்பத்தைச் சேர்ந்த சிடிகே4, சிடிகே6 ஆகிய புரதங்களைத் தடுக்கும் பால்போசிக்லிப் என்னும் மருந்து, மார்பகப் புற்றுநோய்க்கென 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

ஈஸ்டை ஆராய்வதால் என்ன பயன் என்று மாணவர் வினவுவாராயின், இடைப்பட்ட அந்த 28 ஆண்டுகளை நாம் அவருக்கு எடுத்துரைப்போம்.