நிழலும் நாழிகையும்

"மணி என்ன?" என்று எவரேனும் வினவினால் இன்று நாம் கைக்கடிகாரத்தை நோக்குகிறோம். நம் பாட்டன்மார் வானத்தை நோக்கினர். அல்லது தரையில் விழுந்த நிழலை நோக்கினர். பகற்பொழுதை எவ்வாறு கூறுபோடுவது என்ற வினாவுக்கு உலகத்து மக்கள் பல விடை கண்டனர். அவற்றுள் நமது விடை யாது என்பதை வாலிபர்கள் அறிந்திருத்தல் நலம்.

பண்டைக் கிரேக்கரும் உரோமரும் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பொழுதைப் பன்னிரண்டு கூறாக்கினர். அவர்களது நிழற்கடிகாரங்களில் அக்கூறுகளே கோடுகளாகப் பொறிக்கப்பட்டன. பகல் நீண்டால் கூறும் நீளும். பகல் குறுகினால் கூறும் குறுகும். லண்டன் மாநகரில் ஆனி மாதத்து நெடும்பகல் ஏறக்குறைய 16½ மணி. மார்கழிப் பகல் 8 மணிக்கும் குறைவு. ஆகவே இம்முறைப்படி அங்கு ஒரு கூறு கோடையில் 80 நிமிடத்துக்கு மேலும், குளிர்காலத்தில் 40 நிமிடத்துக்குள்ளும் அமையும். 14ஆம் நூற்றாண்டில் இயந்திரக் கடிகாரம் பரவத் தொடங்கிய பின்னரே ஐரோப்பாவில் மாறாத சமமணி வேரூன்றியது.

நம்மவர் கணக்கு வேறு. நாள் ஒன்றுக்கு 60 நாழிகை. நாழிகை ஒன்று 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. ஏழரை நாழிகை ஒரு சாமம். எண்ணிக்கை நள்ளிரவிலன்றி உதயத்தில் தொடங்கும். பகலில் நாழிகை அறிய ஒரு துரும்பே போதும். பதினாறு விரற்கடை நீளமான துரும்பை, ஒரு பகுதி தரையிற் கிடக்க, மறுபகுதி நிமிர்ந்து நிற்குமாறு மடித்து வெயிலில் வைப்பர். நிற்கும் பகுதியின் நிழல் கிடக்கும் பகுதியைச் சரியாக மூடும்வரை மடிப்பை மாற்றுவர். அப்போது நிற்பது எத்தனை விரலோ அத்தனை நாழிகை. முற்பகலாயின் உதயமாகிச் சென்றது. பிற்பகலாயின் அஸ்தமிக்க உள்ளது. காலை 9 மணியளவில் துரும்பு ஏறக்குறையச் சரிபாதியாக மடியும். எட்டு விரல் நிற்கும். உண்மைக் கணக்கு ஏழரை நாழிகை. துரும்பு காட்டும் கணக்குக்கு இப்பிழை பெரிதன்று!

இனி நமது கண்டி நாட்டுக்கு வருவோம். 1660இல் சிறைப்பட்டு, இரண்டாம் இராஜசிங்கன் ஆட்சியில் 19 ஆண்டுகள் இங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் இந்நாட்டார் காலக்கணக்கை விவரித்துள்ளார். உதயம் முதல் 30 'பெய'. அஸ்தமனம் முதல் 30 'பெய'. பகலின் பதினைந்தாவது நண்பகல். இது நமது நாழிகையே என்பது வெளிப்படை. குடிமக்களிடம் நிழற்கடிகாரம் இல்லை. மாலைக்கு முன் தவறாது மலரும் ஒரு பூவைக் கண்டு பொழுதறிந்தனர். அரசனிடம் மாத்திரம் அடியில் நுண்துளையிட்ட செப்புக் கிண்ணம் இருந்தது. நீரில் மிதக்கும் அது நிரம்பி மூழ்கினால் ஒரு 'பெய'. அதைக் கவனிப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தான்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பகலை முப்பதாகப் பங்கிட்டால் பங்கு காலத்துக்குக் காலம் மாறவேண்டும்; செப்புக் கிண்ணமோ என்றும் ஒரே அளவே காட்டும். இரண்டும் எவ்வாறு ஒத்துப்போயின? கண்டி பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே உள்ளது. இங்கு நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 50 நிமிடமே. முப்பதாகப் பங்கிட்டால் ஒரு பங்குக்கு இரண்டு நிமிடமும் வராது. லண்டனில் ஒவ்வாத இரு கணக்குகள் நம் தும்பறைப் பள்ளத்தாக்கில் பிணக்கின்றி நடந்தன.

பின்னர் தோட்டங்கள் வந்தன. நம் முன்னோர் தப்பொலி கேட்டெழுந்து பிரட்டுக்களத்தில் நின்றனர். அவர்களது பொழுதை நிர்ணயித்தது நிழலன்று, துரையின் கடிகாரம். 1996இல் மின்சாரத்தை மீதப்படுத்த அரசாங்கம் கடிகாரத்தை முன்தள்ளியது; 2006இல் பழைய நேரத்துக்கு மீட்டது. சூரியன் அசையவில்லை.

இதனை நாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. இராகு காலம் என்பது உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடைப்பட்ட பொழுதின் எட்டில் ஒரு பங்கு. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்பது, 6 மணிக்கு உதயம் எனக் கொண்ட பொதுக்கணக்கு மாத்திரமே. உதயம் நாளுக்கு நாள் மாறுகிறது. கணக்கின் காரணம் அறியாது முள்ளை மட்டும் பார்த்து நடப்பது முன்னோர் வழியாகாது. அவர்கள் சூரியனைப் பார்த்தே நடந்தனர்.

வாலிபர்களே! திகனயில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். இலங்கை நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஆகையால் உச்சிப்பொழுது இங்கு சராசரியாக 12 மணி 7 நிமிடத்துக்கே வரும். அந்த ஏழு நிமிடத்தை ஒருமுறை கண்ணாற் கண்டவர், பஞ்சாங்கத்தைப் புதிய மதிப்போடு புரட்டுவார்.