இனிப்புநீருக்குத் தேடியது

தோட்ட வீடுகளின் வாசலில் வெள்ளையும் ஊதாவுமாய்ப் பூக்கும் நித்தியகல்யாணியை அறியாதார் யார்? இனிப்புநீர் நோய்க்கு அதன் இலையை அவித்துக் குடிப்போர் நம்மிடையே உண்டு. வெகு தொலைவில், ஜமைக்கா தீவிலும் மக்கள் இதே நோய்க்கு அதே இலையைத் தேநீராக்கிக் குடித்தனர்.

அங்கிருந்து 1952-இல் கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளுக்குத் தபாலில் இருபத்தைந்து இலைகள் வந்தன. அவர் அவற்றைத் தம் தம்பி ராபர்ட்டிடம் ஒப்படைத்தார். ராபர்ட் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியே புகட்டினார்; இரத்தத்தில் சர்க்கரை இறங்கவில்லை. வேறொருவராயின் அத்துடன் விட்டிருப்பார். இவரோ சாற்றை ஊசியால் ஏற்றினார். சில நாளில் எலிகள் கிருமி தாக்கி மடிந்தன! ஏன்? கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அவை பிறக்கும் எலும்பு மஜ்ஜையே ஒடுங்கியிருந்தது. வெள்ளை அணுக்கள் கட்டின்றிப் பெருகுவதுதானே இரத்தப் புற்று?

1954-இல் வேதியியலார் சார்லஸ் பீர் வந்து சேர்ந்தார். இருவரும் இலையிலிருந்து பிரித்த வின்பிளாஸ்டின் 1958-இல் வெளிப்பட்டது. அது இன்றும் புற்றுநோய் மருந்து.

பின்னாளில் வேறு சிலர் செய்த சோதனைகளில் எலிகளுக்குச் சர்க்கரை இறங்கியதுண்டு. ஆயினும் மனிதரின் இனிப்புநீருக்கு இவ்விலை மருந்தென மருத்துவத்துறை ஏற்கவில்லை. கிளினிக் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்புவது ஆபத்து. வின்பிளாஸ்டினை மருத்துவமனையில் அளந்து, இரத்த அணுக்களைச் சோதித்துப் பார்த்தே நரம்பில் ஏற்றுகிறார்கள். நம் அடுப்பில் அவியும் சட்டிக்கு அந்த அளவு ஏது?