நாளந்தாவுக்குப் புறப்படுமுன்



நாளந்தாவை நேரிற் காண வேண்டுமென்பது என் நெடுநாள் விருப்பம். கிணத்துக்கடவிலிருந்து கோவை சென்று, வடநாட்டு இரயிலேறிப் பாட்னாவை அடைந்தால், அங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பயணச்சீட்டும் தங்குமிடமும் பணத்தால் கிடைத்துவிடும். ஆனால், அங்கே எஞ்சியிருப்பவை செங்கற் சுவர்களே. அவற்றிடையே வாழ்ந்தோரை அறியாது சென்றால் வெறுஞ் செங்கல்லைக் கண்டு திரும்புவோம். ஆதலின், முதலில் அவர்களை அறிவோம்.

5ஆம் நூற்றாண்டில், குப்த மன்னன் குமாரகுப்தன் காலத்தில் தோன்றியது அக்கலைக்கழகம். 7ஆம் நூற்றாண்டில் சீனத்து யுவான் சுவாங் அங்கு வந்து சீலபத்திரரிடம் பயின்றார். சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர். அவர் பிறந்த ஊரோ நம் காஞ்சிபுரம்! நாளந்தாவின் தலைமைப் பீடத்தில் காஞ்சியார் ஒருவர் வீற்றிருந்தது நமக்குப் பெருமையன்றோ?

1200ஆம் ஆண்டையொட்டிப் படையெடுப்பினால் நாளந்தா சீர்குலைந்தது. 1235இல் திபெத்தியத் துறவி தருமசுவாமி அங்கு சென்றபோது, தொண்ணூறு வயது கடந்த இராகுல சிறீபத்திரர் ஏறத்தாழ எழுபது மாணவர்க்கு இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்தார். மீண்டும் படை வருகிறதென்று கேட்டு மாணவர்கள் சிதறி ஓடினர். தருமசுவாமியோ ஆசிரியரைத் தம் முதுகிற் சுமந்து சென்று ஒரு கோயிலில் மறைத்துக் காத்தார்.

1915இல் தொடங்கிய அகழாய்வு அங்குள்ள மடங்களையும் கோயில்களையும் வெளிக்கொணர்ந்தது. 2016இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அச்சுவர்களிடையே நின்று, அம்முதியவர் எங்கு அமர்ந்து பாடஞ் சொன்னாரோ என்று தேடுவேன். கட்டடம் வீழ்ந்த பின்னும், சொல்ல ஓர் ஆசிரியரும் கேட்க மாணவரும் இருந்தவரை நாளந்தா வாழ்ந்தது. நீங்களும் ஒருநாள் செல்லுங்கள். இவர்களை நெஞ்சில் ஏந்திச் செல்லுங்கள்.